அக்சா லோத்ரப்பின் இடது ஷூ

டமாரிஸ் ஸ்னோ ஒரு படத்தின் எதிரே நின்று முறைத்தால், படத்தில் இருப்பவர்தான் முதலில் கண்ணை மூடுவார். எங்கள் கடற்கரை ஊரான டன்பரி முனையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள். அவர்களுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்தவள் நான்தான். சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். கண்ணை மூடிய படம் என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு படம் மட்டும் அவளுக்கு அசைந்து கொடுத்தது. அதுவும் கண் அல்ல, கால்.

லோத்ரப் மாளிகை ஒரு காலத்தில் கப்பல் தலைவர் ஒருவரின் வீடு. அவருடைய கடைசி வாரிசான கிழவி பூனைகளை வேலைக்காரிக்கும் வீட்டை ஊருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஊர் அதை அருங்காட்சியகம் ஆக்கியது. கீழ்த்தளம் முழுவதும் கப்பல் தலைவர்கள், பாதிரிமார்கள், சரிகைத் தொப்பி போட்ட அவர்களுடைய மனைவிமார்கள். இந்த நாடு பிறந்த புதிதில், துணிச்சுருளையும் தூரிகையையும் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்த ஓவியர்கள் எழுதிய படங்கள் அவை. சாப்பாடும் படுக்கையும் கிடைத்த வீட்டில் தங்கி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். முகம் எழுதத் தெரியும், கை எழுதத் தெரியாது. அதனால் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் கையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, எதையோ திருடியவர்கள் போல நிற்பார்கள். சிலர் திருடியவர்களும்தான்.

மாடியில் ஒரு நீள அறை. ஊர் அதைத் தொட்டில் அறை என்று சொல்லும். அங்கே குழந்தைகளின் படங்கள் மட்டும். பவளமாலை போட்ட குழந்தை, பூனையை இடுப்போடு இறுக்கிய குழந்தை, வாடிய ரோஜாவைத் தலைகீழாகப் பிடித்த குழந்தை. எல்லோருக்கும் பெரியவர்களின் முகம். ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் ஒரு காலில்தான் ஷூ. இன்னொன்று கையில் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் தரையில் சாய்ந்து கிடக்கும்.

எங்கள் ஊரில் எழுத்துப் படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுவோம். அந்தக் காலத்தில் பிள்ளை இறந்துபோனால் பாதிரியாருக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஓவியனுக்கு ஆள் போகும். அவன் வந்து, உடம்பைப் பார்த்து முகத்தை எழுதுவான். மூடிய கண்ணைத் தன் மனத்திலிருந்து திறந்துவைப்பான். பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிடுவான். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. டன்பரி முனைப் பிள்ளை எதுவும் ஒற்றை ஷூவோடு வாசலைத் தாண்டினால் முதுகில் ஒன்று விழும். ஏன் என்று கேட்டால் இன்னொன்று விழும்.

அந்த அறைக்குக் காவல் டமாரிஸ். நெடுநெடுவென்று வளர்ந்தவள். பெயருக்கேற்ற மாதிரி எந்தக் கதவையும் டமார் என்றுதான் சாத்துவாள். வாத்து இறகுக் கட்டையால் சட்டங்களின் தூசியைத் தட்டுவாள், மேலே ஏறி வருகிறவர்கள் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வாள், மீதி நேரம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து புருஷன் ஆரினின் காலுறைகளைத் தைப்பாள். ஆரினுக்குச் சிங்கி இறால் பிடிக்கும் தொழில். அவனுடைய மிதவைக் கட்டைகள் எல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பை விரிகுடாவின் மறுகரையிலிருந்துகூட அடையாளம் சொல்லலாம்.

டமாரிஸ் தன் மூத்த மகளைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தவள். நடக்கப் பழகி, ஓடப் பழகும் முன்னால் போய்விட்ட குழந்தை. பெயர் அக்சா. ஆரினின் தாய் ரோடா, லோத்ரப் வம்சத்துக் கிளை ஒன்றில் பிறந்தவள். அந்த வம்சத்தில் தலைமுறைக்கு ஓர் அக்சா இருந்தாக வேண்டும். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும், குழந்தையின் ஈரம் காயும் முன்னால் ரோடா பெயரைச் சொல்லிவிட்டாள்.

"அக்சா."

"வேண்டாம் அத்தை," என்றாள் டமாரிஸ். "அது அவ பேரு."

"அவதான் போயிட்டாளே."

"போனவ பேரை இவளுக்கு வச்சா, கூப்பிடறப்ப யாரு திரும்பிப் பாப்பா?"

"எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் வச்சாங்க. பேரு என்ன சட்டையாடி, போட்டவ போயிட்டான்னு எரிச்சிடறதுக்கு?"

ஆரின் வழக்கம்போல வலையில் ஏதோ கிழிசல் இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

டமாரிஸ் எழுந்து, பிள்ளை பெற்ற உடம்போடு மாளிகைக்கு நடந்து, மாடிப்படி ஏறித் தொட்டில் அறைக்குள் போனாள். அந்த அறையில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இரண்டு கால்களிலும் ஷூ இருந்தது. வெள்ளைக் கவுன், கையில் ஒரு பேரிக்காய், கவுனுக்குக் கீழே இரண்டு சிவப்பு ஷூக்கள். சட்டத்தின் அடியில் பெயர்: அக்சா லோத்ரப். அங்கிருந்து இறங்கிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அக்சா லோத்ரப்பின் கல், அவள் இடுப்பு உயரம். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த கிழவி. கல்லில் அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை எழுத இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள்.

டமாரிஸ் வீட்டுக்கு வந்து, "சரி, வைங்க," என்றாள். "ஆனா என் மூத்தவ பேரு இல்ல இது. மாடியில இருக்காளே, அவ பேரு. ரெண்டு காலுலயும் ஷூ போட்டவ பேரு."

ரோடாவுக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. டமாரிஸுக்கு விளங்கியது. தன் குழந்தையின் ஆயுளை அவள் அந்தப் படத்தில் அடகு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் தானே வாயைப் பொத்திக்கொள்ளும் வயது. அந்த ஆண்டு கோடையில் கடலிலிருந்து காற்றே வரவில்லை. பனிமூட்டம் காலையில் வந்து துறைமுகத்தில் உட்காரும், மத்தியானம் வரை எழுந்திருக்காது. பாஸ்டன் பத்திரிகைகளில் தினமும் ஒரு கட்டத்துக்குள் ஊர்ப் பெயர்கள் வரும். எந்தெந்த ஊரில் இளம்பிள்ளை வாதம் புகுந்திருக்கிறது என்ற விவரம். ஒவ்வொரு நாளும் கட்டம் பெரிதானது, ஊர்கள் எங்களுக்குக் கிட்டத்தில் வந்தன. சினிமாக் கொட்டகையைப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை நிறுத்தினார்கள். கடற்கரையில் குளிக்கக் கூடாதென்று பலகை நட்டார்கள். பிள்ளைகள் இல்லாத மணலில் கடற்பறவைகள் மட்டும், யாருடைய வீட்டிலோ நுழைந்துவிட்டவை போலத் தயங்கித் தயங்கி நடந்தன.

அந்தக் கோடையில்தான் டமாரிஸ் பேரிக்காய்ப் பெண்ணின் சட்டத்தைத் தட்டும்போது, இடது ஷூவின் நுனியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்தாள். ஊதினாள், போகவில்லை. இறகால் தட்டினாள், போகவில்லை. குனிந்து பார்த்தாள். தூசி இல்லை. சிவப்பு வெளுத்திருந்தது. வெளுத்த இடத்தில், மோருக்குள் விழுந்த பட்டாணி போல, சின்னச் சின்னதாக வட்டங்கள்.

விரல்கள்.

அன்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில் பட்டால்தான் நிறம் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் திரையைத் திறக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துத் திறந்து பார்த்தபோது கட்டைவிரலுக்கு நகம்கூட வந்திருந்தது.

அருங்காட்சியகக் காப்பாளர் தாக்ஸ்டரிடம் சொல்வதைத் தவிர வழியில்லை. நல்ல மனிதர். படங்களோடு பேசுவார், மனிதர்களோடு பேச வெட்கப்படுவார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டார்.

"மிஸஸ் ஸ்னோ! என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் சார். அது மறுபடி மூடுமா, அதைச் சொல்லுங்க."

"மூடாது. எண்ணெய் வண்ணத்துக்கு வயசானா கண்ணாடி மாதிரி ஆயிடும். அடியில இருக்கறது மெல்ல மேல வரும். இந்தக் கால் முதல்லயே எழுதினது. ஷூதான் பிற்பாடு பூசினது." அவர் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. "யோசிச்சுப் பாருங்க. ஒரு ஷூ இல்லாத பிள்ளைன்னா என்ன அர்த்தம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"முதல் அக்சா செத்துப்போனா. ஓவியனைக் கூப்பிட்டு எழுதவச்சாங்க, வழக்கப்படி ஒரு கால் வெறுங்கால். அடுத்தாப்பல ஒரு பொண்ணு பொறந்துது. அந்தக் குடும்ப வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, அதே பேரு. கப்பல்காரர் கஞ்சர். எதுக்கு இன்னொரு படம்? அந்தக் கால்ல ஒரு ஷூவைப் பூசச் சொன்னார். செத்தவ படம் உயிரோட இருக்கறவ படம் ஆயிடுச்சு!"

"அப்ப அந்தத் தொண்ணூறு வயசுக் கிழவி?"

"அது ரெண்டாவது. இந்த முகம் முதல் பிள்ளையோடது. கல்லறையில தேடினா சின்னதா ஒரு கல்லு கட்டாயம் இருக்கும்."

அவர் பாஸ்டனுக்கு ஆள் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். நிபுணர் வந்தால் மேல்பூச்சை முழுதாக எடுத்துவிடலாமாம்.

"எடுக்காதீங்க சார்."

"ஏன்?"

"அவ ஷூவைக் கழட்டாதீங்க."

தாக்ஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கும் ஓர் அக்சா வீட்டில் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் சிவந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்தபடி கீழே இறங்கிவிட்டார்.

டமாரிஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இடுப்பு உயரக் கல்லின் பின்னால் புல்லை விலக்கிப் பார்த்தாள். மண்ணுக்குள் பாதி புதைந்து, ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு கல் இருந்தது. அதில் அ.லோ. என்று மட்டும் இருந்தது. அது அப்னர் லோத்ரப்பாகவும் இருக்கலாம், அப்படி ஒரு பொல்லாத மாமா அந்தக் குடும்பத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் டமாரிஸுக்கு மாமாக்கள் யாரும் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் வந்தது. குழந்தை ஷூவைக் கழற்றக் கூடாது.

"வெயில்ல கால் வேகுதும்மா," என்றது குழந்தை.

"வேகட்டும்."

"மத்தவங்க எல்லாம் வெறுங்காலோட ஓடறாங்க."

"மத்தவங்க பேரு அக்சா இல்ல."

கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டாள். குளிக்க வைக்கும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, துடைத்ததும் இரண்டையும் ஒன்றாக மாட்டினாள். படுக்கையில்கூட ஷூவோடுதான். சனிக்கிழமை மேஜையில் பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ரோடா, பேத்தியின் காலைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையை என்ன, குதிரைன்னு நினைச்சியா, லாடம் அடிச்சு நிறுத்தறே?"

"உங்க வேலையைப் பாருங்க அத்தை."

"என் வேலையைத்தான் பாக்கறேன். தூங்கறப்ப ஷூ போட்டுப் படுக்க வைக்கறது யாரைன்னு தெரியுமில்ல உனக்கு? சவப்பெட்டியில வைக்கறவங்களைத்தான்."

டமாரிஸின் கையிலிருந்த கிண்ணம் மேஜையில் மோதி நின்றது. ஆரின் தலை நிமிராமலே சொன்னான், "போதும் அம்மா. டமாரி, உன் பயம் எனக்குப் புரியுது. ஆனா அது வெறும் பெயிண்டு."

"பெயிண்டுன்னா பூசலாம் இல்ல?" என்றாள் டமாரிஸ்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் மாளிகை திறக்கும் முன்னால், ஆரினின் கொட்டகையிலிருந்து மிதவைச் சிவப்பு டப்பாவையும் ஒரு சின்னத் தூரிகையையும் தையல் பைக்குள் வைத்துக்கொண்டு டமாரிஸ் புறப்பட்டாள். குழந்தை வாசல்படியில் உட்கார்ந்து இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஷூ கடிக்குது."

"எந்த ஷூ?"

"இது."

டமாரிஸ் குனிந்து முடிச்சைத் தொட்டாள். விரல்கள் முடிச்சின் மேலேயே நின்றுவிட்டன. ஒன்றை மட்டும் தளர்த்துவதா? இரண்டையும் தளர்த்தினால் பிள்ளை உதறிவிட்டு ஓடிவிடும். "சாயங்காலம் வந்து பாக்கறேன்," என்று சொல்லி எழுந்தாள். பின்னாளில் எத்தனையோ பேர் எத்தனையோ சமாதானம் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவளுக்குச் சமாதானம் கிடைத்ததே இல்லை.

தொட்டில் அறையில் பனிமூட்டத்தின் சாம்பல் வெளிச்சம். படத்துப் பிள்ளையின் இடது கால் இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஐந்து விரல்கள், குதிகால், கணுக்கால் எலும்பு. ஷூ, காலைச் சுற்றிய சிவந்த மூச்சு போல மட்டும் மீந்திருந்தது. டமாரிஸ் டப்பாவைத் திறந்தாள். டர்பென்டைன் வாடை குப்பென்று எழுந்தது. சுற்றிலும் மாட்டியிருந்த பிள்ளைகள் எல்லோரும், கையில் ஒற்றை ஷூவோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்து எவரும் கண்ணை மூடவில்லை.

தூரிகையைத் தோய்த்துக் கட்டைவிரலின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். மிதவைக்குப் பூசும் சிவப்பு, படத்தில் இரத்தம் போல எழுந்து நின்றது. அடுத்த பூச்சுக்குத் தூரிகையைத் தோய்த்தாள்.

கீழே கதவு டமார் என்று அடித்தது. அந்த வீட்டில் அப்படிக் கதவைச் சாத்துகிறவள் மேலே நின்றுகொண்டிருந்தாள்.

படியில் ஏறி வந்தது ரோடா. அந்த வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"எழுந்திருச்சா. நின்னா. அப்படியே மடங்கி விழுந்துட்டா." மூச்சு வாங்கியது. "கால் கேக்க மாட்டேங்குதாம்."

"எந்தக் கால்?"

 ரோடாவின் கண் படத்துக்குப் போனது, அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் போனது, மருமகளின் கையிலிருந்த தூரிகைக்குப் போனது. 

டாக்டர் கோவெல் வரும்போது குழந்தையைக் கூடத்துச் சோபாவில் கிடத்தியிருந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. கோவெல் அதே ஊரில் பிறந்தவர். அவருடைய வீட்டு முன்னோர்களும் கீழ்த்தளத்தில் கையை ஒளித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் குனிந்து இடது முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார்.

"ஷூவைக் கழட்டுங்க."

ரோடா கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" டமாரிஸ் குழந்தைக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். "தொடக் கூடாது."

"டமாரி..." என்றான் ஆரின்.

"அதை மட்டும் கழட்டக் கூடாது."

"அம்மா, எனக்குப் பாதத்தைப் பாத்தாகணும்," என்றார் டாக்டர். "உணர்ச்சி இருக்கா இல்லையான்னு தெரியணும். ஒவ்வொரு நிமிஷமும்..." அவர் நிறுத்தினார். அவர் கண் குழந்தையின் காலில் விழுந்திருந்தது. இரட்டை முடிச்சு. சின்னச் சிவப்பு ஷூக்கள். தன் அப்பா தன் முதுகில் எதற்கு அடித்தார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். 

 குழந்தை கண்ணைத் திருப்பி அம்மாவைத் தேடியது.

"அப்ப ரெண்டும்," என்றாள் டமாரிஸ். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ரெண்டையும். ஒரே நேரத்துல. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ஒரு நொடிகூட அவ ஒத்தை ஷூவோட இருக்கக் கூடாது."

டாக்டர் கோவெல் பாஸ்டனில் படித்தவர். பையில் சுத்தியலும் ஊசியும் வைத்திருந்தவர். அவர் மறுபேச்சுப் பேசாமல் சோபாவின் முன்னால் மண்டியிட்டார். கத்திரிக்கோலை எடுத்து இரண்டு முடிச்சுகளையும் வெட்டினார். இடது குதிகாலைப் பிடித்துக்கொண்டார். டமாரிஸ் வலது குதிகாலைப் பிடித்தாள்.

"நீங்க சொல்லுங்க," என்றார்.

"இப்ப."

இரண்டு ஷூக்களும் ஒன்றாக வந்தன. குழந்தையின் வலது கணுக்காலில் சிவப்பாக ஒரு விரல் தடம் இருந்தது. டாக்டர் பதறிப்போய்த் துடைத்துப் பார்த்தார். இரத்தம் இல்லை, பெயிண்டு. அதை யாரும் யாரிடமும் விளக்கவில்லை.

பாஸ்டன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். தலை மட்டும் வெளியே தெரிய, உடம்பை, மூச்சு விடவைக்கும் இரும்புப் பீப்பாய் விழுங்கியிருந்த பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்தப் பீப்பாய்கள் பெருமூச்சு விடுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. அக்சாவைப் பீப்பாய்க்குள் வைக்கவில்லை, வைக்கலாமா என்று மட்டும் தினமும் பேசிக்கொண்டார்கள். டமாரிஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். போர்வை குழந்தையின் காலை மூடியிருக்கும். ஒவ்வொரு தடவை நர்ஸ் அந்தப் பக்கம் போகும்போதும் டமாரிஸ் கண்ணாடியைத் தட்டிக் கையால் ஏதோ ஜாடை காட்டுவாள். பிள்ளைக்குக் குளிர்கிறதோ என்று கேட்கிறாள் என்று நினைத்து நர்ஸ் போர்வையை இன்னும் இழுத்துவிடுவாள். டமாரிஸ் கேட்டது, போர்வைக்குள் இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று.

பனி விழத் தொடங்கியபோது அக்சா வீட்டுக்கு வந்தாள். இடது காலில் தொடை வரை இரும்பும் தோல்வாரும். அந்தக் கால் அதற்குப் பிறகு கொழுக்கவே இல்லை. ஆனால் வந்தது பிள்ளை, பெட்டி அல்ல. ரோடா பேத்தியைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய், அன்று வைத்த கிளிஞ்சல் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

டமாரிஸ் மாளிகைக்கு வேலைக்குப் போனபோது தாக்ஸ்டர் தொட்டில் அறையில் நின்றிருந்தார். மேஜை மேல் அவள் விட்டுப்போன டப்பா மூடியோடு இருந்தது.

"பாஸ்டன்ல இருந்து ஆள் வரேன்னு எழுதியிருக்காங்க," என்றார்.

"வரட்டும் சார்."

"வந்தா அந்தச் சிவப்புப் பொட்டு என்னன்னு கேப்பாங்க."

"நான்தான் வச்சேன்னு சொல்றேன்."

அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கீழே போய், ஜாடியோடு ஒரு பெரணிச் செடியைத் தூக்கிவந்து படத்துக்கு முன்னால் வைத்தார். இலைகள் சரியாகப் பிள்ளையின் முழங்கால் வரைக்கும் வந்தன. பாஸ்டன்காரர் வரவே இல்லை. வர வேண்டாம் என்று யார் எழுதினார்கள் என்பதை டமாரிஸ் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். பேரிக்காய்ப் பெண்ணின் சட்டத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுவாள். பெரணிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அதன் பின்னால் பார்க்கமாட்டாள். முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனதும் வேலையை விட்டாள். ரோடா போனாள், ஆரின் போனான், பெரணிகூட வாடிப் புதிதாக ஒன்று வந்தது. டமாரிஸ் மட்டும் கடைசி வரை ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றியதே இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு குதிகால்களையும் இரண்டு கைகளால் பிடித்து, ஒரே இழுப்பு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், பல தடவை குப்புற விழுந்திருக்கிறாள். "என்னைப் பெட்டியில வைக்கறப்ப ரெண்டு ஷூவும் காலுல இருக்கணும்," என்பதுதான் அவள் சொல்லிவைத்த ஒரே ஆசை. கயிற்றுக்கு இரட்டை முடிச்சு என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அப்படியே செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில், இடுப்பு உயரக் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கால்களிலும் ஷூவோடு டமாரிஸ் ஸ்னோ படுத்திருக்கிறாள்.

இதுவரை எழுதியதை அக்சாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து, இரும்புக்காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இல்ல," என்றாள்.

"எது இல்ல?"

"ஷூவோட இல்ல. நான்தான் கழட்டினேன். ரெண்டையும், ஒரே நேரத்துல. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி. முந்தின வாரம் இந்தக் காலை இழுத்துக்கிட்டு மாடி ஏறிப் பெரணியை நகர்த்திப் பாத்தேன். நீங்க இன்னும் பாக்கலை, அதான் ஒத்தை ஷூன்னே எழுதியிருக்கீங்க. வலது ஷூவும் போயிடுச்சு. அது கொஞ்சம் தடிமனாப் பூசியிருந்துது போல, வெளுக்க இத்தனை வருஷம் ஆச்சு. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு காலும் வெறுங்கால். முதல்ல இருந்தே. வீட்டுப் பெரியவங்க பிற்பாடு ஷூவைப் பூசவச்சிருப்பாங்க. அது செத்த பிள்ளை இல்ல, கோடைக்காலத்துல ஷூ போட மாட்டேன்னு அடம்புடிச்ச பிள்ளை, அவ்வளவுதான்."